சட்டைப் பையில் காது

அண்ணன் வாயைத் திறப்பதற்கும் டமாரத்தின் கை காதுக்குப் போவதற்கும் நடுவில் ஒரு கொசு பறக்க இடம் இருக்காது. வலது கையின் ஆள்காட்டி விரல் காதுமடலுக்குப் பின்னால் போய், காது கேட்கும் மெஷினை நெம்பும். கட்டைவிரல், காதுத் துளையில் உட்கார்ந்திருக்கும் அச்சை உருவும். அதுவரைதான் அவசரம். முதல் எழுத்துகூட உள்ளே விழுந்துவிடக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அதற்குப் பிறகு உலகத்தில் உள்ள நேரமெல்லாம் அவருடையது. மெஷினை உள்ளங்கையில் கவிழ்த்து, நகத்தால் பேட்டரிக் கதவைத் திறந்து, கைக்குட்டையில் மடித்து, சட்டையின் மேல்பையில் வைத்து, பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார், தூங்கப்போகும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல. உதட்டைப் பார்த்தால் பாதி புரிந்து தொலைக்கும். அதனால் அண்ணனின் வழுக்கை ஆரம்பிக்கும் இடத்தில் கண்ணை நிறுத்திக்கொள்வார். அண்ணன் உதடு அசைந்து முடித்துத் திரும்பிப் போனதும், அதே நிதானத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டு தையலில் உட்காருவார்.

அன்றைக்கு அவர் தைக்கும் தையல் கொஞ்சம் கூடுதல் நேராக இருக்கும்.

டமாரம் என்பது அவருக்கு அந்தத் தெரு வைத்த பெயர். டமாரச் செவிடு என்பதில் பின்பாதியை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். அவருக்கு இருந்தது குஷன் கடை. கார், வேன், ஆட்டோ சீட்டுகளைப் பிரித்து, பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டு, ஃபோமை அறுத்து ஒட்டி, ரெக்சின் உறை தைத்து மாட்டித் தருவார். ஒரே கூரைக்குக் கீழே, பக்கத்துப் பாதி அண்ணனுடைய டிங்கரிங் பட்டறை. இடித்து நசுங்கிய கதவுகளும் மட்கார்டுகளும் அங்கே அடிவாங்கி நிமிரும். நடுச்சுவரில் கதவில்லாத ஒரு வாசல். மாடியில் வீடு. அதிலும் அதேபோல இரண்டு பாதி.

வண்டி முதலில் அண்ணனிடம் போகும், பிறகு தம்பியிடம் வரும். பேச்சு இல்லாமல் தொழில் எப்படி நடக்கும் என்று புது வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. சாக்பீஸ் எதற்கு இருக்கிறது? அண்ணன் முன்கண்ணாடியில் எழுதுவார்: பின்சீட் இரண்டு, கதவு உறை ஒன்று. தம்பி வேலையை முடித்துவிட்டு அதையே துணியால் துடைப்பார். துடைத்திருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இவ்வளவு ஒழுங்காக நடக்கும்போது, இந்த மனுஷன் தினமும் ஒருதரமாவது வாசலில் வந்து நின்று எதற்கு வாயைத் திறக்கிறார் என்பதுதான் டமாரத்துக்கு எரிச்சல். நியாயம் பேச வருகிறான், தன் பக்கத்துக்கு ஏதோ சாக்குச் சொல்ல வருகிறான் என்று முடிவு கட்டியிருந்தார். சொல்லட்டும். பைக்குள் இருக்கும் காதுக்குச் சொல்லட்டும்.

பகை பழசு. டமாரத்துக்கு எட்டு வயது இருக்கும். அண்ணனுக்கு மீசை முளைத்த வயது. அப்பாவின் பட்டறை அது. வண்டிக்கு அடியில் படுத்து அண்ணன் வேலை செய்ய, தம்பி பக்கத்தில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்ற பிள்ளைக்குத் தூக்கம் வந்தது. விளக்கு நழுவி, அப்போதுதான் பெயின்ட் அடித்த கதவில் சாய்ந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிற்று. அண்ணன் எழுந்து வந்து விட்டது ஒரே அறை. இடது கன்னமும் காதும் சேர்ந்து வாங்கின.

மறுநாள் காலையில், வலது காதைத் தலையணையில் அமுக்கியபடி ஒருக்களித்துக் கிடந்தான் பையன். வீடு இல்லை. பாத்திரம் இல்லை, அம்மா இல்லை, தெரு இல்லை. தலையைத் தூக்கினான், எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி படுத்தான், போய்விட்டது. கொஞ்ச நேரம் அதை விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

இடது காது அதோடு சரி. வலது காது வாலிபத்தில், இறங்கும் மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாகப் போயிற்று. அதையும் அவர் அந்த அறையின் தலையிலேயே ஏற்றினார். பெண் பார்க்கப் போன இரண்டு இடம் தட்டிப்போனது, பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, தெரு வைத்த பெயர், எல்லாமே அந்த ஒரு கையிலிருந்து வந்தவை. அம்மா சாகும்வரை யார் வந்தாலும் சொன்னாள்: பெரியவன் அடிச்சுத்தான் சின்னவன் காது போச்சு. அதைக் கேட்டு அண்ணன் தலை குனிவதை டமாரம் ஒருதரமும் தவறவிட்டதில்லை.

பழிவாங்குவதில் அவர் அவசரக்காரர் இல்லை. அண்ணனிடம் ஒரு பழைய வேன் இருந்தது, ஓட்டுவதும் அவர்தான். அதன் சீட்டுகள் கிழிந்து, ஃபோம் பிதுங்கி, ஸ்பிரிங் ஒன்று வெளியே தலை நீட்டியது. ஊரில் இருக்கும் வண்டிக்கெல்லாம் உறை தைப்பவர் அந்த வேனைத் தொடவில்லை. அண்ணனும் வேறு குஷன் கடைக்குப் போகவில்லை. சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினார். அண்ணன் வேனிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, டமாரம் ஊசியில் நூல் கோத்தபடி அதை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவருக்கு அது டீ குடித்த மாதிரி.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. அண்ணனின் பேத்திக்குக் காது போயிற்று.

ஐந்து வயதுப் பிள்ளை, வாயாடி. மொட்டைமாடியில் அவள் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றிருக்கிறாள். வாளி சறுக்கித் தலை தரையில் மோதிற்று. ரத்தம்கூட வரவில்லை, சின்ன வீக்கம்தான். ஆனால் அந்த வாரத்திலேயே, பின்னாலிருந்து கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை. டி.வி.யின் அருகில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். எல்லாரிடமும் "என்ன? என்ன?" என்றாள்.

பழி முழுக்க மருமகள்மேல் விழுந்தது. கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று அண்ணி ஆரம்பித்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்குப் பிள்ளை எதற்கு என்று அண்ணன் மகன் முடித்தான். விழுந்ததனால் மட்டும் இப்படி ஆகுமா, உங்கள் பக்கத்தில் யாருக்காவது காது மந்தம் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. அவள், "இந்த வீட்டிலேயே சின்ன மாமாவுக்கு இல்லையா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தயாராக இருந்தது. ரொம்ப வருஷமாகவே தயாராக இருந்தது. சித்தப்பாவுக்குப் பிறவியில் வந்ததில்லை, அடிபட்டுப் போனது, ஊருக்கே தெரியும். இந்த வம்சத்தில் காது சுத்தம்.

டமாரம் ஆண்டாண்டாக ஊதி வளர்த்த கதை, இப்போது ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கயிறாகத் திரும்பியிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போ, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று மகன் சொல்லியும்விட்டான். இந்த வாரமே அவள் கிளம்பட்டும் என்றது பேச்சு.

அவள்தான் ஒருநாள் மதியம் கடைக்கு வந்தாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியும். முதுகுக்குப் பின்னால் நின்று கத்தமாட்டாள். மேஜையை லேசாகத் தட்டி, சுற்றி வந்து எதிரில் நிற்பாள்.

பிள்ளையின் தலைக்குள் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உள்காதே வேறு மாதிரி இருக்கிறது, இது குடும்ப வழியாக வருவது என்று காது டாக்டரம்மா சொன்னாராம். குடும்பத்தில் காது கேட்காதவர் இருந்தால் அவருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றாராம்.

"நீங்க வந்தீங்கன்னா தெரிஞ்சிடும், சின்ன மாமா."

டமாரம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. என்ன தெரிந்துவிடும் என்பது அவருக்குச் சட்டென்று உறைத்தது. அவருடைய காதும் பிறவிக் கோளாறு என்றால், அந்த அறை என்ன ஆவது? தட்டிப்போன பெண்கள், அந்தத் தலையணைக் காலைப்பொழுது, பையில் போட்ட காது, வேனின் சாக்கு? ஒரு ஆயுசு முழுக்க ஒருவன்மேல் கறுவிக்கொண்டிருந்துவிட்டு, ஆள் மாறிவிட்டது என்று எழுந்து போக முடியுமா?

முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. டாக்டர்கள் எலும்புக்குள்ளேயே பார்க்கிறார்கள். அந்த அறையின் தடம் அங்கே இருக்கும். அண்ணனின் ஐந்து விரலும் எலும்பில் பதிந்திருக்கும். அதைப் படமாக எடுத்து, பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால் எப்படியிருக்கும்?

"வரேன்" என்றார்.

நல்ல மனசுக்காரர் என்று அவள் கண் கலங்கினாள். அவர் அதைத் திருத்தவில்லை.

டாக்டரம்மாவின் அறை சின்னது. வெளிச்சப் பெட்டியில் அவருடைய படமும் பிள்ளையின் படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. டாக்டரம்மா முகத்தை நேரே வைத்துப் பேசினார். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அது இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். பிள்ளைக்குச் சுற்று முழுசாக முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் எலும்புக்குள்ளே ஒரு மெல்லிய கால்வாய் ஓடும், அதில் நீர் இருக்கும். அது நூல் மாதிரி இருக்க வேண்டியது, இங்கே அகலமாகிக் கிடக்கிறது. உறையின் ஓரத்தில் பைப்பிங் வைத்துத் தைக்கும்போது கயிற்றுக்கான மடிப்பைப் பெரிசாக விட்டுவிட்டால் கயிறு உள்ளே ஆடுமே, அதுபோல என்று டமாரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இப்படிப்பட்ட காதுக்குச் சின்ன மோதல் போதும், ஒரு காய்ச்சல் போதும், கேட்கிற சக்தி திடீரென்று இறங்கிவிடும்.

பிறகு டாக்டரம்மாவின் விரல் அவருடைய படத்துக்கு நகர்ந்தது. அதே சுருள், அதே கால்வாய். இரண்டு பக்கமும்.

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "அடி இந்தப் பக்கம் மட்டுந்தான் விழுந்துச்சு."

"அந்தப் பக்கமும் இதே மாதிரிதான் இருக்கு. ரெண்டுமே பிறவியில வந்தது."

"அப்ப அந்த அடியால போகலையா?"

டாக்டரம்மா யோசித்தார். அடியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அதைத் தள்ளிவிட முடியாது என்றார். ஆனால் அந்த அடி விழாமல் இருந்திருந்தாலும் இன்னொரு நாள் வேறு ஏதாவது ஒன்றால் போயிருக்கும். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலிருந்தும் சேர்ந்து வந்தால்தான் இப்படி ஆகும், ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

படத்தில் விரல் தடம் எதுவும் இல்லை. அவர் மறுபடியும் ஒருதரம் தேடிப் பார்த்தார்.

திரும்பும் பேருந்தில் மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் மனசுக்குள் தராசு ஆடிற்று. அடிதான் காரணம் என்று வீட்டில் போய்ச் சொன்னால் பொய் ஆகாது, டாக்டரே தள்ளவில்லை. அண்ணன் சாகும்வரை தலை நிமிரமாட்டான். ஆனால் அடியால் போகும் என்றால் விழுந்ததாலும் போகும். இந்தப் பெண் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இல்லை, பிறவிதான் என்றால் இவள் தப்பித்தாள். கூடவே அவனும் தப்பித்தான். ஒரே கதவு வழியாக இரண்டு பேரும் வெளியே போகிறார்கள். ஒருத்தியை விட்டு ஒருத்தனைப் பிடிக்க வழியே இல்லையா என்று, இறங்கும் இடம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மாடியில் அண்ணனின் பாதியில் எல்லாரும் இருந்தார்கள். மூலையில் மருமகளின் பெட்டி இருந்தது, பூட்டாமல். டமாரம் அந்த அறைக்குள் கால் வைத்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அண்ணி எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

அண்ணன் அவரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

எல்லாருடைய கண்ணும் டமாரத்தின் கைக்குப் போயிற்று. கை அசையவில்லை. மெஷின் காதிலேயே இருந்தது. திறந்த வாயோடு ஒரு கணம் நின்ற அண்ணன், சத்தம் எதுவும் வராமல் வாயை மூடிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு, பேச்சு எப்படி வரும் என்று டமாரம் உள்ளுக்குள் கறுவினார்.

"பாப்பா விழுந்ததால போகல" என்றார் எல்லாருக்குமாக. அவருடைய குரல் அவருக்கே தெரியாமல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும். "அதோட காதே அப்படி. என் காதும் அப்படித்தான், ரெண்டு பக்கமும். படத்துல பாத்தேன். நம்ம பக்கமும் அவ பக்கமும் சேந்துதான் வந்திருக்கு." அண்ணன் மகனைத் திரும்பிப் பார்த்தார். "பொண்டாட்டிய அனுப்பணும்னா நீயும் உன் பெட்டியக் கட்டுடா. பாதி உன்னோடது."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அண்ணன் மட்டும் மெல்ல, பின்னால் கைவிட்டுத் தடவி, நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நாளாக முதுகில் இருந்த எதையோ இறக்கி வைத்தவர்போல அவருடைய தோள் தளர்ந்தது. உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. நிம்மதி.

அதை டமாரத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேருந்து முழுக்கத் தேடிய வழி, அந்த நிம்மதியைப் பார்த்த மாத்திரத்தில் கிடைத்துவிட்டது.

"நீ எதுக்கு உட்காருற?" என்றார். "உனக்கு ஒண்ணும் விடுதலை இல்ல. அவ கீழ விழுந்த பிள்ளைய ஓடிப்போய்த் தூக்கினா. நீ தூக்கக் கலக்கத்துல நின்ன பிள்ளைய அடிச்ச. காது பிறவியில வந்துச்சு, சரி. அந்தக் கை பிறவியில வரல."

சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அவசரமே இல்லாமல் விரலைக் காதுமடலுக்குப் பின்னால் கொண்டுபோனார். நெம்பினார், உருவினார், பேட்டரிக் கதவைத் திறந்தார், மடித்தார், பையில் வைத்தார். இரண்டு தட்டு. அண்ணன் நாற்காலியைப் பிடித்தபடி பாதி எழுந்த நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார். டமாரம் அவருடைய வழுக்கையின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் ஆசைதீரப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மருமகள் போகவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. பிள்ளைக்கு இரண்டு காதிலும் மெஷின் மாட்டினார்கள். வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்கு அண்ணன்தான் வேனில் அழைத்துப் போனார்.

முதல் தடவை போய் வந்த மறுநாள் டமாரம் வேனைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் யாரும் சாக்பீஸால் எதுவும் எழுதியிருக்கவில்லை. பழைய உறைகளைக் கிழித்து எறிந்தார். ஸ்பிரிங்கை மாற்றி, ஃபோமை இரண்டு அடுக்காக ஒட்டினார். தலை சாயும் இடத்தில், குலுக்கல் தெரியாமல் இருக்க, கூடுதலாக ஒரு அடுக்கு வைத்தார். பிள்ளை கைகாட்டிய மஞ்சள் ரெக்சினில் சிவப்புப் பைப்பிங் கொடுத்து, பின்சீட், நடுசீட், முன்னால் இடதுபக்க சீட் எல்லாம் மாட்டி முடித்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

டிரைவர் சீட்டைத் தொடவில்லை. அதன் சாக்கைத் தட்டி உதறி, நாலாக மடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். மஞ்சளுக்கு நடுவில் அது நன்றாகவே தெரிந்தது. தெரிய வேண்டும் என்றுதான் மஞ்சளுக்குச் சம்மதித்தார் என்று பக்கத்து டயர் கடைக்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணன் வந்து பார்த்தார், ஏறினார், சாக்கின்மேல் உட்கார்ந்தார், வண்டியை எடுத்தார்.

பிள்ளை இப்போது சாயங்காலங்களில் குஷன் கடையில்தான் இருக்கும், வெட்டுத் துண்டுகளை அடுக்கிக்கொண்டு. அவரைப் பார்த்துப் பழகி, தாத்தா வாயைத் திறந்தபோது அதுவும் ஒருநாள் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டது. டமாரம் அதைப் பிடுங்கித் திரும்ப மாட்டிவிட்டார். "இது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ மாட்டிக்க, எல்லாத்தையும் கேளு" என்று அதட்டினார்.

பிள்ளை கேட்டது. ஒருநாள் நடுச்சுவர் வாசலில் தாத்தா வந்து நின்று வாயைத் திறந்தார். சின்ன தாத்தாவின் கை வழக்கம்போலக் காதுக்குப் பறந்தது. பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மாடிக்கு ஓடி, தன் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று அம்மாவிடம் முறையிட்டது.

"தாத்தா வாய் மட்டும் அசையுதும்மா. சத்தமே வரல."

மருமகள் பேட்டரியை மாற்றிப் பார்த்தாள், அச்சைத் துடைத்துப் பார்த்தாள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அடுப்படியிலிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள், மெஷின் நல்லாத்தான் இருக்கு, அவர் அங்கே போய் வாய்விட்டுப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது என்று. மெஷினைக் கழற்றினால்தான் தம்பிக்கு மனசு ஆறும், கழற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அதற்காகத் தினமும் ஒருதரம் போய் உதட்டை அசைத்துவிட்டு வருகிறாராம். டமாரத்துக்கு இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.